மூன்று மாதத்துக்குப் பிறகு யார் பணம் கட்டுவது? ஒரு பதின்வயதுப் பெண்ணின் சிகிச்சையும் ஒரு இன்சூரன்ஸ் வழக்கும்

அமெரிக்காவின் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மே மாதம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. வழக்கின் பெயர் டி.கே. எதிர் யுனைடெட் பிஹேவியரல் ஹெல்த். சிகிச்சை பெற்ற பெண் ஆவணங்களில் ஏ.கே. என்ற இரண்டு எழுத்தாக மட்டுமே வருகிறாள். அவளுடைய பெற்றோருக்கும் முதலெழுத்துகள்தான். பிள்ளையின் மனநலச் சிகிச்சைக்கு ஆன செலவை யுனைடெட் என்ற அந்த இன்சூரன்ஸ் கம்பெனி தர மறுத்தது, பெற்றோர் விடாமல் கேட்டார்கள், கடைசியில் ஜெயித்தார்கள். ஒரு வரியில் சொன்னால் இவ்வளவுதான்.

பதின்வயதுப் பிள்ளையின் மனநலச் சிகிச்சைக்குப் பணத்துக்கு என்ன வழி என்று கேட்டால் குடும்பங்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது ஒரு பட்டியல். இன்சூரன்ஸைக் கேளுங்கள், அரசு உதவியைப் பாருங்கள், வரிச்சலுகை இருக்கிறது, பள்ளியிடமும் பேசிப் பாருங்கள். பட்டியலில் தப்பில்லை. எந்த உதவி எந்தக் கட்டத்தில் வரும், அதற்கு எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும், வரும்வரை செலவை யார் சுமப்பது என்பதெல்லாம் அதில் இருக்காது. ஒரு வழக்கை முதலிலிருந்து கடைசிவரை படித்தால் அது தெரியவரும். அதற்காகத்தான் இந்த வழக்கு.

என்ன நடந்தது

ஏ.கே.வுக்குப் பல வருடங்களாக மனநலப் பிரச்சினை இருந்தது. தற்கொலை எண்ணம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பலமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தீவிர வெளிநோயாளர் சிகிச்சையும் பார்த்தார்கள், தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களிலும் இருந்து பார்த்தாள். எதுவும் நிலைக்கவில்லை. அவளைப் பார்த்துவந்த டாக்டர்கள் உறுதியாக ஒன்றைச் சொன்னார்கள்: நெருக்கடியைத் தணித்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது, தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் பழக்கங்களை அவள் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குத் தங்கிச் சிகிச்சை பெறும் மையம்தான் சரி. பெற்றோர் அந்த ஆலோசனைப்படி யூட்டா மாநிலத்தில் உள்ள டிஸ்கவரி கேர்ள்ஸ் ரான்ச் என்ற மையத்தில் சேர்த்தார்கள்.

இன்சூரன்ஸ் முதல் மூன்று மாதத்துக்குப் பணம் கொடுத்தது. அதற்குமேல் அங்கே இருப்பது மருத்துவ ரீதியாக அவசியம் இல்லை என்று நிறுத்திக்கொண்டது. பெற்றோர் மகளை அழைத்து வந்துவிடவில்லை. மொத்தம் ஒரு வருடம் அங்கே இருந்தாள். மிச்ச மாதங்களுக்குக் கைப்பணத்தைக் கட்டினார்கள். கட்டிக்கொண்டே கம்பெனிக்கு அப்பீலுக்கு மேல் அப்பீல் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் மறுப்புதான் வந்தது. 2017-இல் யூட்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2021-இல் அங்கே தீர்ப்பு பெற்றோர் பக்கம் வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

வழக்கு மட்டுமே ஆறு வருடம். அதற்கு முன்னால் அப்பீல்களுக்குப் போன காலம் தனி. இந்த நீளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

மூன்று மாதம் எப்படி வந்தது

இந்த மாதிரி வழக்குகளில் ஒரே சண்டைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. மனநலச் சிகிச்சையில் படிநிலைகள் உண்டு. வாரம் ஒருமுறை போய் வரும் தெரபி கீழ்ப்படி. அதற்கு மேலே வாரத்தில் பல நாள், பல மணி நேரம் நடக்கும் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை. அப்புறம் பகல் முழுக்க இருந்துவிட்டு இரவு வீட்டுக்கு வரும் ஏற்பாடு. அடுத்தது மாதக்கணக்கில் தங்கும் மையம். எல்லாவற்றுக்கும் மேலே, உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் சில நாட்கள் வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டு. மேலே போகப் போகச் செலவு ஏறும். பிள்ளை எந்தப் படியில் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது என்பதில்தான் டாக்டருக்கும் கம்பெனிக்கும் முட்டிக்கொள்கிறது.

கம்பெனி தரப்பு வாதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: இப்போது உடனடி ஆபத்து இல்லை, சொல்பேச்சு கேட்கிறாள், வகுப்புக்குப் போகிறாள், ஆகவே கீழ்ப்படி போதும். சிகிச்சை வேலை செய்வதற்கான அடையாளங்களையே சிகிச்சை தேவையில்லை என்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்வார்கள். நாள்பட்ட பிரச்சினையில் இந்தத் தர்க்கம் ஓட்டை. மையத்தில் அமைதியாக இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே போய் நின்ற வரலாறு கோப்பிலேயே இருக்கும்போது, இன்றைக்கு அமைதியாக இருக்கிறாள் என்பது எதை நிரூபிக்கிறது?

இதே கம்பெனியின் வழிகாட்டு விதிகளைப் பற்றி இன்னொரு பெரிய வழக்கு நடந்தது, விட் வழக்கு என்று சொல்வார்கள். சுமார் 50,000 பேர் சார்பில் நடந்த கூட்டு வழக்கு அது. 2019 மார்ச்சில் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம், கம்பெனியின் விதிகள் அடியில் இருக்கும் நோயை விட்டுவிட்டு உடனடி நெருக்கடியை மட்டுமே பார்க்கின்றன என்றும், குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் வேறு அளவுகோல் வேண்டும் என்பதையே கணக்கில் எடுக்கவில்லை என்றும் கடுமையாகச் சொன்னது. குடும்பங்கள் கொண்டாடின. ஆனால் 2022-இலும் 2023-இலும் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டது. இதற்கிடையில் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்து, மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட தரத்தின்படிதான் தேவையை முடிவு செய்ய வேண்டும் என்று 2021 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியது. நீதிமன்றத்தில் வந்ததும் போனதும் ஒரு பக்கம், சட்டமன்றத்தில் நிலைத்தது ஒரு பக்கம்.

மறுப்புக் கடிதத்தில் இருந்ததும் இல்லாததும்

ஏ.கே.யின் வழக்கு வென்றது வேறொரு இடத்தில். பிள்ளைக்கு உண்மையில் ஒரு வருடம் தேவைப்பட்டதா என்ற கேள்வியை நீதிபதிகள் புதிதாக எடுத்து ஆராயவில்லை. அமெரிக்காவில் வேலை மூலம் கிடைக்கும் இன்சூரன்ஸ் பெரும்பாலும் 1974-இல் வந்த எரிசா என்ற சட்டத்தின் கீழ் வருகிறது. திட்ட ஆவணம், அதாவது அந்த இன்சூரன்ஸின் விதிகள் எழுதியிருக்கும் ஆவணம், கிளெய்மைப் பார்க்கும் நிர்வாகிக்கு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்திருந்தால், நீதிமன்றம் அந்த முடிவை லேசில் மாற்றாது. 1989-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி அது. முடிவு நியாயமற்றது, தன்னிச்சையானது என்று காட்டினால்தான் தலையிடும். குடும்பங்களுக்கு இது பெரிய சுவர்.

சுவரில் ஒரு கதவு இருக்கிறது. கிளெய்மை மறுக்கும் கம்பெனி காரணம் சொல்ல வேண்டும். சொல்லும் காரணம் பொதுப்படையாக இருக்கக் கூடாது. அப்பீலில் குடும்பம் புதிதாக வைக்கும் ஆதாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் உண்மையாகப் பேசிக்கொள்ளும் முறை அது என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. ஏ.கே.யின் பெற்றோர் அப்பீலில் டாக்டர்களின் கருத்துகளை வைத்தார்கள். அவளைப் பல காலம் பார்த்தவர்கள் எழுதியவை அவை. கம்பெனியின் மறுப்புக் கடிதங்கள் அவற்றை எடுத்துப் பேசவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை, ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லவும் இல்லை. முடிவை மட்டும் சொன்னார்கள்.

சிகிச்சை செய்த டாக்டர் சொன்னால் கம்பெனி கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. 2003-இல் உச்ச நீதிமன்றம், ஒரு ஊனக் காப்பீட்டு வழக்கில், அப்படிப்பட்ட தனி மதிப்பு எதுவும் கிடையாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், நம்பகமான மருத்துவக் கருத்தைக் காரணமில்லாமல் ஒதுக்கித் தள்ளவும் முடியாது என்றும் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டது. ஒத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

கம்பெனி வக்கீல்கள் ஒரு வாதம் வைத்தார்கள். எங்கள் உள்குறிப்புகளைப் பாருங்கள், பரிசீலித்த டாக்டர்கள் எல்லாவற்றையும் படித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள் என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்பத்துக்கு அனுப்பிய கடிதத்தில் இல்லாத காரணத்தைப் பின்னால் கோப்பிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது. பெற்றோர் பதில் சொல்ல வேண்டுமென்றால் காரணம் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? என்னைக் கேட்டால் இந்தத் தீர்ப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. மனநல மருத்துவம் தெரியாத ஒரு பெற்றோரால்கூட இதைச் சரிபார்த்துவிட முடியும்: நாம் அனுப்பிய டாக்டர் கடிதம் ஒரு கையில், அவர்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் இன்னொரு கையில். முதலாவதில் உள்ள எந்த விஷயத்துக்காவது இரண்டாவதில் பதில் இருக்கிறதா?

அடுத்த கேள்வி பரிகாரம். வழக்கமாக இப்படித் தவறு கண்டுபிடித்தால் நீதிமன்றம் விஷயத்தைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பி, ஒழுங்காக மறுபடி பாருங்கள் என்று சொல்லும். இந்த வழக்கில் அப்படித் திருப்பாமல் பணத்தைக் கொடுக்கச் சொன்ன கீழ்நீதிமன்றத்தின் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. கடிதத்தில் ஒழுங்காகக் காரணம் சொல்லும் வாய்ப்பு ஏற்கெனவே பலமுறை கிடைத்துவிட்டது, இன்னொரு வாய்ப்பு எதற்கு என்பதுதான் அதன் சாரம்.

இதைப் படித்துவிட்டு எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து, 2023 ஆகஸ்டில், அதே நீதிமன்றம் டேவிட் பி. என்ற தகப்பனின் வழக்கைத் தீர்த்தது. அதுவும் மகளின் தங்கும் சிகிச்சை, அதுவும் யுனைடெட் குழுமம், அதே மாதிரியான குறை. கம்பெனி நடந்துகொண்டது தப்பு என்று நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பணத்தைக் கொடுக்கச் சொன்ன கீழ்நீதிமன்ற உத்தரவை மாற்றி, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் இயன் சி. வழக்கு. அங்கே மகனுக்கு மனநலப் பிரச்சினையோடு போதைப் பழக்கமும் இருந்தது. போதைச் சிகிச்சை என்ற தனிக் காரணத்தைக் கம்பெனி பார்க்கவே இல்லை என்பது குடும்பத்தின் குறை, நீதிமன்றமும் அதை ஏற்றது. இதுவும் திரும்பித்தான் போனது. மூன்று குடும்பமும் ஜெயித்தது என்று சொல்லலாம். முடிவோடு பணமும் சேர்ந்து கிடைத்தது ஏ.கே. குடும்பத்துக்குத்தான்.

முதலில் கட்ட முடிந்தவர்களுக்கான நீதி

இந்த வழக்கில் எனக்கு உறுத்துவது வேறு. ஏ.கே.யின் பெற்றோரால் பல மாதச் செலவைக் கையிலிருந்து கட்ட முடிந்தது. அதனால் சிகிச்சை தொடர்ந்தது. சிகிச்சை தொடர்ந்ததால் கேட்பதற்கு ஒரு தொகை இருந்தது. எரிசாவின் கீழ் நீதிமன்றம் கொடுக்கக்கூடியது அடிப்படையில் அந்தப் பயன் தொகைதான். மனவேதனைக்கு இழப்பீடு கிடையாது, கம்பெனிக்குத் தண்டனைத் தொகை கிடையாது. வக்கீல் கட்டணத்தைத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதுவும் அவர்கள் விருப்பம்.

இதே மறுப்புக் கடிதம் சேமிப்பு இல்லாத ஒரு வீட்டுக்கு வந்திருந்தால்? பிள்ளையை அன்றைக்கே அழைத்து வந்திருப்பார்கள். தங்காத மாதங்களுக்குக் கட்டணம் இல்லை, கட்டணம் இல்லையென்றால் கேட்க ஒன்றும் இல்லை, நீதிமன்றம் தர ஒன்றும் இல்லை. மறுப்பு அவ்வளவே தப்பாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு வழக்கே கிடையாது. நாம் படிக்கும் தீர்ப்புகள் எல்லாம் முதலில் கட்டிவிட்டுப் பின்னால் கேட்க முடிந்தவர்களுடையவை.

எவ்வளவு கட்ட வேண்டும்? மையத்துக்கு மையம் மாறும். பதின்வயதினருக்கான தங்கும் போதைச் சிகிச்சை மையங்களை ஆய்வாளர்கள் பெற்றோர் மாதிரி ஃபோனில் கூப்பிட்டு விசாரித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. அதில் சராசரி நாள் கட்டணம் 878 டாலர். மாதக் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சமநிலைச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2008 அக்டோபரில் வந்த கூட்டாட்சிச் சட்டம், மனநலச் சிகிச்சைக்கும் போதைச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு வைக்காத கட்டுப்பாட்டை வைக்கக் கூடாது என்கிறது. 2021 முதல் கம்பெனிகள் அதற்கு ஒப்பீட்டு ஆய்வு எழுதி வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். நடைமுறையில் முறிந்த இடுப்புக்காகத் தாதியர் இல்லத்தில் தங்குபவருக்கும் மன அழுத்தத்துக்காக மையத்தில் தங்கும் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல்தானா என்று நிரூபிக்கும் வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. உரிமை தாளில் இருக்கிறது, அதைக் காட்டும் ஆவணங்கள் கம்பெனியின் அலமாரியில் இருக்கின்றன.

இன்சூரன்ஸுக்கு வெளியே

பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, பணம் தரும் என்று பலருக்குத் தெரியாது. 1975-இலிருந்து அமெரிக்காவில் ஊனமுள்ள பிள்ளைக்குப் பொருத்தமான கல்வியை இலவசமாகத் தர வேண்டியது பள்ளி மாவட்டத்தின் கடமை. தீவிரமான உணர்வுசார்ந்த பிரச்சினையும் அதில் சேரும். பொருத்தமான கல்வியைப் பள்ளி தராவிட்டால், பெற்றோர் தாங்களே தனியார் இடத்தில் சேர்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் ஃபாரஸ்ட் குரோவ் வழக்கைச் சொல்லாமல் முடியாது. ஓரிகன் மாநிலத்தில் ஒரு பதின்வயதுப் பையன். பள்ளி அவனுக்குச் சிறப்புக் கல்வி தேவையில்லை என்றது. பெற்றோர் மாதம் 5,200 டாலர் கட்டணத்தில் தங்கும் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். முன்பு சிறப்புக் கல்வி பெறாத பிள்ளை என்பதற்காகவே பணத்தை மறுக்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. இங்கேயே நிறுத்திவிட்டால் நல்ல கதை. வழக்கு கீழே திரும்பிப் போனது. பெற்றோர் அவனை அங்கே சேர்த்தது படிப்புக்காக இல்லை, போதைப் பழக்கத்துக்காகவும் நடத்தைக்காகவும்தான் என்று கீழ்நீதிமன்றம் முடிவு செய்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்த குடும்பத்துக்குக் கடைசியில் பணம் கிடைக்கவில்லை.

இதிலிருந்து ஒரு சங்கடமான உண்மை வெளியே வருகிறது. இன்சூரன்ஸிடம் போகும்போது இது மருத்துவம் என்று காட்ட வேண்டும், பள்ளியிடம் போகும்போது இது கல்வி என்று காட்ட வேண்டும். பிள்ளை ஒன்று, நாள் முழுக்க நடப்பதும் ஒன்றுதான். இரண்டு கதவையும் தட்ட நினைக்கும் பெற்றோர், சேர்க்கைப் படிவத்தில் 'சேர்க்கும் காரணம்' என்ற கட்டத்தில் அவசரத்தில் என்ன எழுதுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் உண்மையாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். தூக்கம் இல்லாத இரவுக்குப் பிறகு மேஜையில் வைத்து எழுதிய ஒரு வரி சில வருடம் கழித்து நீதிமன்றத்தில் வாசிக்கப்படும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடு பல தனியார் பாலிசிகளைவிட அகலமானது. 1967-இல் சேர்க்கப்பட்ட ஒரு விதியின்படி, 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையை மாநிலம் தர வேண்டும். வருமானம் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களுக்கு, கேட்டி பெக்கெட் என்ற சிறுமியின் பெயரால் அறியப்படும் 1982-ஆம் வருட ஏற்பாடு ஒன்று உண்டு. நிறுவனத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தேவை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் சேர்த்துக்கொள்ளலாம். இதை எடுத்துக்கொள்வது மாநிலத்தின் விருப்பம், மனநலக் காரணத்துக்கு அதை நீட்டுவதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் பிள்ளைகளின் மனநலத்துக்கென்றே இப்படி ஒரு தனித் திட்டம் இருக்கிறது.

எந்த வழியும் கிடைக்காத பெற்றோர் என்ன செய்தார்கள் என்பதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003-இல் ஒரு அறிக்கையில் பதிவு செய்தது. 2001 நிதியாண்டில் மட்டும், மனநலச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே குழந்தைநல அமைப்பிடமோ சிறார் நீதி அமைப்பிடமோ ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் குறைந்தது 12,700 பேர். கொடுமைப்படுத்தியதாலோ கைவிட்டதாலோ போன பிள்ளைகள் இல்லை அவர்கள். பணம் கட்ட வேறு வழி தெரியாததால் பெற்றோர் அப்படிச் செய்தார்கள். எல்லா மாநிலமும் விவரம் தரவில்லை, ஆகவே உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாபநோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் எழுத்துவடிவில் ஒரு நிதி உதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரி வார்டு பில்லுக்கு இது நன்றாக உதவும், லாபத்துக்கு நடத்தும் தங்கும் மையத்துக்குப் பொருந்தாது. வரியில், சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தின் 7.5 சதவீதத்தைத் தாண்டும் மருத்துவச் செலவைக் கழிக்கலாம். செலவுகளை வரி படிவத்தில் தனித்தனியாகக் காட்டுபவர்களுக்கு மட்டும்தான் அது. அந்த வருடம் கட்டணம் பெரிது என்பதால் பலருக்குப் பயன் இருக்கும். சிகிச்சைக்காகப் போய் வெளியூரில் தங்கும் செலவிலும் ஒரு இரவுக்கு ஆளுக்கு 50 டாலர்வரை சேர்க்கலாம். வேலையை விடாமல் பிள்ளையைப் பார்க்க, 1993-ஆம் வருடச் சட்டப்படி 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், ஒரு வருட வேலை என்ற நிபந்தனைகளோடு. சம்பளம் இல்லாத 12 வாரம் உதவியா பாரமா என்பது வீட்டைப் பொறுத்தது.

கோப்பு

ஏ.கே. வழக்கு ஜெயித்தது நீதிமன்றத்துக்குப் போன பிறகு இல்லை என்றுதான் சொல்வேன். எரிசா வழக்கில் நீதிபதி பொதுவாகக் கம்பெனியின் கோப்பில் ஏற்கெனவே இருப்பதை மட்டும்தான் பார்ப்பார். சாட்சி ஏறி அம்மா பேச முடியாது, புது டாக்டரைக் கூப்பிட முடியாது. அப்பீல் கட்டத்தில் உள்ளே போகாத தாள் பிறகு உள்ளே போவது மிகக் கடினம். ஆகவே அப்பீலை ஒரு புகார் கடிதமாக எழுதக் கூடாது, வழக்கின் முழு ஆதாரமாக எழுத வேண்டும்.

டாக்டரின் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? "இவளுக்கு இந்தச் சிகிச்சை தேவை என்று பரிந்துரைக்கிறேன்" என்ற இரண்டு வரி எதற்கும் ஆகாது. கீழ்ப்படிச் சிகிச்சைகள் எவை, எப்போது பார்த்தார்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் என்ன ஆனது, இப்போது தெரியும் முன்னேற்றம் ஏன் வீட்டில் நிற்காது என்று டாக்டர் கருதுகிறார், எந்த நிலை வந்தால் கீழே இறக்கலாம் என்பது வரைக்கும் வேண்டும். கம்பெனியின் மறுப்புக் கடிதத்தை டாக்டரிடமே கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் எழுதச் சொல்வது நல்லது. அப்புறம் அடுத்த மறுப்பு அந்தப் பதிலைத் தொடாமல் வந்தால், ஏ.கே. வழக்கில் பேசிய குறை அப்படியே கையில் இருக்கிறது.

கேட்டால் கம்பெனி தர வேண்டியவையும் நிறைய. உங்கள் கிளெய்ம் சம்பந்தப்பட்ட எல்லா ஆவணமும், பயன்படுத்திய அளவுகோலும், பரிசீலித்த டாக்டர் யார் என்பதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மனநல முடிவு மீதான அப்பீலில் அந்தத் துறைப் பயிற்சி உள்ளவரைக் கலந்தாலோசிக்க வேண்டும், முதலில் மறுத்தவரோ அவருக்குக் கீழே வேலை செய்பவரோ பார்க்கக் கூடாது. முழுத் திட்ட ஆவணத்தை எழுத்தில் கேட்டு 30 நாளுக்குள் திட்ட நிர்வாகி தராவிட்டால், நாளுக்கு 110 டாலர்வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்க வேண்டியது திட்ட நிர்வாகியை. அது பெரும்பாலும் வேலை கொடுத்த கம்பெனிதான், இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. நிறையப் பேர் தவறான விலாசத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத, அதாவது அதன் வலையமைப்புக்கு வெளியே உள்ள மையம் என்றால், சேரும் முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பக்கத்தில் வலையமைப்புக்குள் இருக்கும் பொருத்தமான உள்மையம் இல்லை என்று காட்டி, இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் உள்மைய விலையில் தனி ஒப்பந்தம் போடச் சொல்லலாம். சேர்ந்தபின் கேட்டால் பலம் குறைவு. பிள்ளை அவசரத்தில் இருக்கும்போது இதெல்லாம் நடக்குமா என்றால், சில நேரம் நடக்காதுதான். அப்போது வீட்டில் ஒருவர் பிள்ளையையும் இன்னொருவர் தாளையும் பிரித்துக்கொள்வது உதவும். ஒற்றைப் பெற்றோர் என்றால் அத்தையோ சித்தப்பாவோ ஒரு நண்பரோ, யாரையாவது எழுத்துப்பூர்வமாக அதிகாரம் கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது.

பணத்தைத் துரத்தும் வேகத்தில் மையத்தின் தரத்தைப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. இப்படிப்பட்ட மையங்கள் யூட்டாவில் ஏராளம். அங்கே நடந்த கொடுமைகளைப் பற்றிப் பலர் வெளியே பேசிய பிறகு 2021-இல் அந்த மாநிலம் கண்காணிப்பைக் கூட்டிச் சட்டம் போட்டது. நிறுவனங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதைப் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில் கையெழுத்தானது. உரிமம், ஆய்வு அறிக்கை, பிள்ளையோடு தனியாக ஃபோனில் பேச விடுவார்களா என்பதை விசாரிக்காமல் பணம் கட்ட வேண்டாம். இன்சூரன்ஸ் அப்பீலுக்கும் உரிமமும் அன்றாடச் சிகிச்சைக் குறிப்புகளும் தேவைப்படும். குறிப்பு எழுதாத மையம் இரண்டு விதத்திலும் ஆபத்து.

கெடுகள் விஷயம் கடைசியாக. மறுப்பு வந்ததிலிருந்து உள் அப்பீலுக்கு 180 நாள். அவசரமானது என்று டாக்டர் சான்று கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். உள் அப்பீல் முடிந்தபின், கம்பெனியைச் சேராதவர்கள் பார்க்கும் வெளி மதிப்பாய்வைக் கேட்க நான்கு மாதம். நீதிமன்றத்துக்கான கெடு எரிசா சட்டத்தில் இல்லை, பெரும்பாலும் திட்ட ஆவணத்துக்குள் எங்கோ ஒரு பத்தியில் இருக்கும். அப்பீல் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கடிகாரம் ஓடலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே இரண்டாவது மறுப்புக் கடிதம் வரும் அன்றைக்கே திட்ட ஆவணத்தைத் திறந்து அந்தத் தேதியைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலைப் பார்க்கப் போனால் அவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.